கடலுக்கு வேலி அடைப்பது: எல்லைக் காவல் ஏன் இவ்வளவு கடினம்?

2020இல் எங்கள் வீட்டில் மீன் குழம்புக்கு மஞ்சளை அளந்துதான் போட்டார்கள். மஞ்சள் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியிருந்தது. கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறிவிட்டது. அதே நாட்களில் மன்னார் கடலில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கஞ்சா பிடிபட்ட செய்தியைக் கேட்டுப் பழகிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மஞ்சளையுமோ கடத்தினம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி அது. அதற்குப் பதில் தேடிப் போனால் எல்லைக் காவலின் பாதிப் பாடம் வந்துவிடும். வட இலங்கையின் வன்னியில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பாடம் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. மேற்கே மன்னார் கடல், கிழக்கே முல்லைத்தீவுக் கடல். இரண்டு பக்கமும் நாட்டின் எல்லைதான். ஆனால் எல்லைப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கும் முள்வேலியும் சோதனைச்சாவடியும்தான் நினைவுக்கு வருகின்றன. கடலில் அது எப்படி நடக்கிறது, ஏன் அடிக்கடி தோற்கிறது என்பதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கடத்தல் என்றால் என்ன? ஒரு பொருளை வரி கட்டாமல், அல்லது தடையை மீறி, நாட்டுக்குள் கொண்டுவருவது அல்லது வெளியே கொண்டுபோவது. பொருள் கெட்டதாக இருக்க வேண்டும் என்று இல்லை. மஞ்சளில் என்ன கெடுதல்? கடலுக்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைத்தது, இந்தப் பக்கம் விலை ஏறிக் கிடந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். அந்த 30 கிலோமீற்றரைக் கடந்தால் ஒரு மூட்டைக்கு இவ்வளவு இலாபம் என்று கணக்குப் போட்டவுடன் படகு புறப்பட்டுவிடும். கடத்தலுக்கு முதல் காரணம் இந்த விலை வித்தியாசம்தான்.

இதே கணக்கைப் பொருளுக்குப் பொருள் போட்டுப் பாருங்கள். பீடி இலை இந்தியக் காடுகளில் தாராளமாகக் கிடைக்கிறது, இங்கே அதற்குக் கடும் வரி. அதனால் மன்னார்க் கரையிலும் புத்தளம் பக்கத்திலும் பீடி இலை மூட்டைகள் ஒதுங்குகின்றன. தங்கம் மறுபக்கமாகப் போகிறது. 2022 ஜூலையில் இந்தியா தங்கத்தின் இறக்குமதி வரியை 15 வீதமாக உயர்த்தியது. 2023இல் தமிழ்நாட்டின் மண்டபம் கரைக்கு அருகே, துரத்தி வந்தவர்களைக் கண்டு படகுக்காரர் கடலில் எறிந்துவிட்ட தங்கத்தைச் சுழியோடிகளை இறக்கி எடுத்தார்கள். அதோடு சேர்த்து அந்த நடவடிக்கையில் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டது. 2024 ஜூலையில் அந்த வரியை 6 வீதமாகக் குறைத்தபோது, கடத்தலைக் குறைப்பதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஒரு ரோந்துப் படகும் வாங்காமல், பேனையால் ஒரு எண்ணை மாற்றியே கடத்தற்காரரின் இலாபத்தில் பாதிக்கு மேல் வெட்டலாம் என்பதைக் கவனியுங்கள்.

கடலட்டை இன்னும் நல்ல உதாரணம். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது முழுத் தடை. இங்கே அனுமதிப் பத்திரம் இருந்தால் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடல், ஒரே அட்டை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அதைக் கையில் வைத்திருப்பவர் குற்றவாளி, இந்தப் பக்கம் வியாபாரி. அங்கே பிடித்ததை இங்கே சேர்த்துவிட்டால் குற்றம் மறைந்து காசாகிறது. அப்படியிருக்க, படகு வராமல் எப்படி இருக்கும்?

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. தொண்ணூறுகளில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்கு அரசின் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் நாங்கள். வவுனியாவில் சாதாரண விலைக்கு விற்ற பற்றரி உள்ளே பல மடங்கு விலைக்குப் போனது. உடுப்புக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவர்கள் கொள்ளைக்காரர் அல்லர், அம்மாக்களும் வாத்திமாரும்தான். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தையில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் புலிகளின் சோதனையும் வரியும். ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு சுங்கம் பார்த்த சனம் நாங்கள். எங்கே தடை போட்டாலும் அதன் இரண்டு பக்கமும் விலை வேறாகும், விலை வேறானால் அதைக் கடக்க ஒருவர் வருவார் என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

சரி, இப்போது கடலுக்கு வருவோம். கடலில் எல்லை எங்கே இருக்கிறது?

கரையிலிருந்து 12 கடல்மைல் வரை அந்த நாட்டின் ஆள்புலக் கடல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே 12 என்பது 22 கிலோமீற்றர் சொச்சம். 24 கடல்மைல் வரை சுங்கம், குடிவரவு போன்ற விடயங்களில் சோதனையிடும் அதிகாரம் உண்டு. 200 கடல்மைல் வரை மீனும் அடியிலுள்ள வளமும் அந்த நாட்டுக்கு. அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இப்படிச் சொல்கிறது.

முல்லைத்தீவிலிருந்து கிழக்கே பார்த்தால் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். முன்னால் வங்காள விரிகுடா விரிந்து கிடக்கிறது. மன்னார் பக்கம் பொருந்தாது. இரண்டு நாட்டுக்கும் 12, 12 என்று 24 கடல்மைல் கொடுக்க வேண்டுமென்றால் 44 கிலோமீற்றர் வேண்டும். அங்கே இருப்பதோ 30. அதனால்தான் 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்து நடுவில் ஒரு கோடு போட்டன. கச்சதீவு இந்தப் பக்கம் வந்ததும் 1974இல்தான். அந்தக் கோடு வரைபடத்திலும் ஜிபிஎஸ் கருவியிலும் இருக்கிறது. தண்ணீரில் ஒரு மிதவைகூட இல்லை.

இனி நேரத்தைக் கணக்குப் பாருங்கள். நல்ல வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய பைபர் படகு மணிக்கு 20 கடல்மைல் ஓடும். அதாவது 37 கிலோமீற்றர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஒரு மணித்தியாலமும் தேவையில்லை. நடுக்கோட்டிலிருந்து கரைக்கு 25 நிமிடம். காவலில் இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான். இதற்குள் படகைக் காண வேண்டும், அது சந்தேகப் படகு என்று முடிவெடுக்க வேண்டும், தன் படகைக் கிளப்ப வேண்டும், போய்ச் சேரவும் வேண்டும்.

ராடார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்தச் சந்தேகம் எனக்கும் நெடுநாள் இருந்தது. ராடார் மின்காந்த அலையை அனுப்பி, பட்டுத் திரும்பி வருவதை வைத்து அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்கிறது. இரும்புக் கப்பலில் பட்டால் நன்றாகத் திரும்பி வரும். பைபருக்கும் மரத்துக்கும் அந்தக் குணம் மிகக் குறைவு. பதினெட்டு அடிப் பைபர் படகு தண்ணீரோடு தண்ணீராகப் பதிந்து ஓடும்போது அதன் எதிரொலியும் அலைகளின் எதிரொலியும் ஒன்றாகிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் திரை முழுவதும் புள்ளிகள்தான். அதோடு பூமி உருண்டை. ராடார் அலை பெரும்பாலும் நேராகத்தான் போகும், கடல் வளைந்து கீழே இறங்கிவிடும். 30 மீற்றர் உயரக் கோபுரத்தில் ராடாரை வைத்தாலும், ஒரு மீற்றர் உயரமுள்ள படகு ஏறக்குறைய 26 கிலோமீற்றருக்கு அப்பால் வளைவுக்குள் மறைந்துவிடும். அது கடல் அமைதியாக இருக்கும் நாளின் கணக்கு.

பெரிய கப்பல்கள் தாங்கள் யார், எங்கே போகிறோம் என்று தாமாகவே அறிவிக்கும் கருவியை வைத்திருக்க வேண்டும். சர்வதேசப் பயணம் போகும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயம். இலங்கையின் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்கும் செய்மதி மூலம் கண்காணிக்கும் கருவி வந்துவிட்டது. பேசாலையிலோ நாச்சிக்குடாவிலோ மாலையில் இறங்கி விடியக் கரை சேரும் சின்னப் படகுக்கு அப்படி எதுவும் இல்லை. கடத்தலுக்கு ஏற்றதும் அந்தப் படகுதான்.

நான் சொன்னதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிப்பதைவிடப் பிரித்தறிவது கடினம்.

ஒரு இரவு மன்னார்க் கடலில் எத்தனை படகுகள் நிற்கும் என்று கற்பனை செய்யுங்கள். எங்கள் பக்கத்துப் படகுகள் வலை போட்டு நிற்கும். வாரத்தில் மூன்று நாள் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கூட்டமாக வரும். பல கோட்டைத் தாண்டி இந்தப் பக்கத்துக் கரைக்குக் கிட்டவே வந்துவிடும். அடிமடி இழுவை முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தும் அது நிற்கவில்லை. எங்கள் மீனவர்களின் வலைகள் அறுபடுகின்றன, கடலடி வழிக்கப்படுகிறது, கடனுக்கு வாங்கிய வலைக்கு யாரும் ஈடு தருவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய துயரம். இங்கே சொல்ல வருவது என்னவென்றால், இத்தனை படகுகளுக்கு நடுவே ஒரு படகில் மீனுக்குப் பதிலாகக் கஞ்சாப் பொதி இருந்தால் வெளியில் பார்த்து எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் மறித்துப் பார்த்தால் தொழில் செத்துவிடும். சிலவற்றைப் பார்த்தால் மற்றவை போய்விடும்.

துறைமுகத்திலும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் பெரிது. கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட இருபதடிக் கொள்கலன்களுக்குச் சமமான சரக்கைக் கையாள்கிறது. ஒரு கொள்கலனைத் திறந்து சாமான்களை இறக்கிப் பார்த்து மீண்டும் அடுக்க மணித்தியாலக் கணக்காகும். அமெரிக்கா 2007இல் ஒரு சட்டம் போட்டது: தன் நாட்டுக்கு வரும் ஒவ்வொரு கொள்கலனும் ஏற்றப்படும் துறைமுகத்திலேயே ஊடுகதிர் போன்ற கருவியால் பார்க்கப்பட வேண்டும், 2012க்குள் இது நடக்க வேண்டும் என்று. அவ்வளவு பணமும் கருவியும் உள்ள நாட்டாலும் அதை நிறைவேற்ற முடியவில்லை. அதனால் உலகெங்கும் சுங்க அதிகாரிகள் செய்வது தெரிவுதான். யார் அனுப்பினார், வழமையாக அந்தச் சரக்கு அந்தப் பாதையால் வருமா, எடை பொருந்துகிறதா என்று தாள்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டதை மட்டும் திறக்கிறார்கள். வழமை தெரிந்தவருக்குத்தான் வழமைக்கு மாறானது தெரியும். இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் திரும்பவும் இங்கேதான் வருவேன்.

கோட்டுக்கே ஒரு சிக்கல் உண்டு. கடற்படைப் படகு ஒரு கடத்தல் படகைத் துரத்துகிறது என்று வையுங்கள். தன் கடலில் தொடங்கிய துரத்தலை இடைவிடாமல் தொடர்ந்தால் திறந்த கடல் வரை போகலாம் என்று கடல் சட்டம் சொல்கிறது. ஆனால் தப்பி ஓடும் படகு இன்னொரு நாட்டின் ஆள்புலக் கடலுக்குள் நுழைந்ததும் துரத்தல் நிற்க வேண்டும். வேறு இடங்களில் அங்கு போய்ச் சேர நாட்கணக்காகும். பாக்கு நீரிணையில் சில நிமிடம் போதும், நடுவில் திறந்த கடல் என்று ஒன்றே இல்லை. கடத்தற்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அங்கிருந்து ஒரு படகும் இங்கிருந்து ஒரு படகும் கோட்டருகே சந்தித்துப் பொதியை மாற்றிக்கொள்கின்றன. அல்லது பொதியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி, எடை கட்டித் தாழ்த்திவிட்டு, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துப் போகிறார்கள். இரண்டு நாள் கழித்து வேறொருவர் மீன் பிடிக்கப் போவதுபோலப் போய் எடுத்துவருவார். அவர் கோட்டைத் தாண்டவே இல்லை. இரண்டு நாட்டுக் காவலரும் ஒருவரோடொருவர் உடனுக்குடன் பேசினால் மட்டும்தான் இதைப் பிடிக்கலாம். அந்தப் பேச்சு மீனவர் பிரச்சினையாலும் அரசியலாலும் அடிக்கடி இறுகிப்போகிறது.

ஹெரோயினும் ஐஸ் என்ற போதைப்பொருளும் பெரும்பாலும் வேறு வழியால் வருகின்றன. ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து புறப்படும் மரக்கலங்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் தெற்கே இறங்கி, ஆழ்கடலில் பலநாள் படகுகளிடம் சரக்கைக் கொடுத்துவிடுகின்றன. அவற்றைப் பிடிக்க இலங்கைக் கடற்படை கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் போக வேண்டியிருக்கிறது. யுத்த காலத்திலும் இப்படித்தான். 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களைக் கடற்படை அழித்தது முல்லைத்தீவுக் கரையில் அல்ல, எங்கோ தூரத்து ஆழ்கடலில். எல்லைக் காவல் என்பது எல்லைக்கு வெகு தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பயங்கரவாதம் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஆனால் வன்னியில் அந்தச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் வழக்கும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். அடையாள அட்டையில் ஊர்ப்பெயர் இருந்ததற்காக இறக்கி விசாரிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அதே சமயம், தாக்குதல்களில் பொதுமக்கள் கொல்லப்பட்டதும் உண்மை, அந்த இழப்பும் இழப்புத்தான். ஆகவே நான் இங்கே அந்தச் சொல்லை ஒரே பொருளில் எடுக்கிறேன்: சாதாரண சனத்தைக் கொன்று பயத்தை விதைக்கும் செயல், செய்பவர் யாராக இருந்தாலும்.

கடத்தலும் பயங்கரவாதமும் காவலருக்கு இரண்டு வேறு பிரச்சினைகள். கடத்தல் வியாபாரம், ஓயாமல் நடக்கும். பத்துத் தடவையில் மூன்றைப் பிடித்தாலும் கடத்தற்காரரின் செலவு கூடும், அவர் யோசிப்பார். பயங்கரவாதம் எப்போதோ ஒரு முறைதான் வரும். தொண்ணூற்றொன்பது தடவை தடுத்து ஒரு தடவை விட்டாலும் நூற்றுக்கணக்கில் உயிர் போகும். சரக்கும் கொஞ்சமாக இருக்கும், சில சமயம் சரக்கே இருக்காது, ஆள் மட்டும் வருவார். ஆனால் இரண்டும் ஒரே பாதையால் வரலாம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் வேலிகளில் பொட்டு இருக்குமல்லவா? பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஓலையை விலக்கி வைத்த சின்ன வழி. ஆட்டுக்குட்டி போகட்டும் என்று விட்ட பொட்டால் ஒரு நாள் நாயும் நுழையும். 1993இல் மும்பைக்கு நடந்தது அதுதான். மகாராஷ்டிரத்தின் ராய்காட் கரையில் நெடுங்காலமாகத் தங்கமும் வெள்ளியும் கடத்தி இறக்கி வந்தார்கள். சுங்கத்திலும் பொலிசிலும் சிலர் காசு வாங்கிக்கொண்டு பார்க்காமல் இருந்தார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதே கரையில் வெடிமருந்து இறங்கியது. மார்ச் 12ஆம் திகதி மும்பையில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன, 257 பேர் இறந்தார்கள். காசு வாங்கியவர்களில் எத்தனை பேர் வெள்ளிக்கட்டிதான் இறங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்! சின்ன இலஞ்சம்தானே என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2008 நவம்பரில் அதே மும்பைக்குப் பத்துப் பேர் கடல் வழியாக வந்தார்கள். நடுக்கடலில் ஒரு குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, அந்தப் படகிலேயே வந்தார்கள். மீன்பிடிப் படகு என்பதால் சந்தேகம் வரவில்லை. பிறகு காற்றடித்த சின்னப் படகில் கரை இறங்கிய இடம் ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கிருந்தவர்கள் புதிய முகங்களைக் கண்டு, யார் நீங்கள் என்று கேட்டும் இருக்கிறார்கள். அந்தத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தியா கரையோர ராடார் வரிசை, கடலோரப் பொலிஸ் நிலையங்கள், மீனவர் அடையாள அட்டை என்று நிறையச் செய்தது. எனக்கு மனதில் நிற்பது அந்தக் கேள்விதான். இவ்வளவு பெரிய நாட்டின் காவலுக்குப் படாத ஆட்களை வலை திருத்திக்கொண்டிருப்பவர்கள் கண்டுவிட்டார்கள்.

எல்லையை எவ்வளவு இறுக்கினாலும் தடுக்க முடியாத வகையும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களும் ஹொட்டல்களும் தாக்கப்பட்டு 250 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இலங்கையர். அவர்களைத் தடுக்க எந்தக் கடல் ராடாராலும் முடியாது. ஆனால் தகவல் இருந்தது. இந்தியப் புலனாய்வு ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்திருந்தது. அது மேசைக்கு மேசை நகர்ந்து, எவரும் செயலில் இறங்காமல் கிடந்தது. தடுக்கத் தவறியதற்காக அப்போதைய ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கருவி குறைந்ததால் வந்த அழிவல்ல அது. தெரிந்தவர் சொன்னதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

இந்த வலைக்குள் அகப்படும் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைக் கடத்தற்காரரோடும் பயங்கரவாதிகளோடும் சேர்த்து எண்ணக்கூடாது. 2022 மார்ச்சில் அரிசியும் மாவும் விலையேறி, எரிவாயுவும் கிடைக்காத நாட்களில், மன்னார், வவுனியா, யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக்குப் போனார்கள். படகுக்காரர் காசை வாங்கிக்கொண்டு சிலரை இராமர் பாலத்து மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார். சட்டத்தின் கண்ணில் கோடு தாண்டிய குற்றம். பசியில் போனவரைத் திட்டில் விட்டுவந்தவரும் திட்டில் நின்றவரும் ஒரே குற்றவாளிகள் ஆகிவிடுவார்களா? எல்லைக் காவலர் ஒவ்வொரு படகையும் கண்டவுடன் இந்தக் கேள்விக்கும் பதில் தேட வேண்டும். வருபவர் கொண்டுவருபவரா, கொண்டுவரப்பட்டவரா, ஓடி வந்தவரா என்பது முகத்தில் எழுதியிருக்காது.

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தத்தளித்துக் கொண்டிருந்ததை எங்கள் மீனவர்கள் கண்டார்கள். மியன்மாரிலிருந்து தப்பி வந்த றோகிஞ்சா மக்கள், நூறு பேருக்கு மேல், குழந்தைகளும் இருந்தார்கள். ஊரவர் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகுதான் கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. 2009 மே மாதத்தில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சோற்றுப் பார்சலின் பாரம் புரியும்.

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். வழமை தெரிந்தவருக்குத்தான் வழமைக்கு மாறானது தெரியும். கடலின் வழமை தெரிந்தவர் யார்? முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றில் வாடி (மீனவர் குடில்) போட்டிருக்கும் ஒரு மீனவரிடம் ஒரு முறை பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயது தாண்டியவர். இரவில் தெரியாத படகு வந்தால் எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். "எஞ்சின் சத்தத்திலயே தெரியும் தம்பி. எங்கட ஆக்கள் இந்தக் காத்துக்கு இந்தப் பக்கத்தால வரமாட்டினம். வெளிச்சம் இல்லாமல் வந்தால் அது மீனுக்கு வந்தது இல்லை" என்றார்.

அப்படிக் கண்டால் சொல்வீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆருக்குச் சொல்லுறது? சொன்னவன் ஆர் எண்டு விடியமுன்னம் ஊருக்குத் தெரிஞ்சிடும். பிறகு விசாரணை எண்டு எத்தினை நாள் அலையிறது? தொழிலுக்கு ஆர் போறது?"

எல்லைக் காவலில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன். ராடார் வாங்கலாம், படகு வாங்கலாம், 2009இல் சட்டம் போட்டுக் கரையோரக் காவல் திணைக்களம் அமைத்ததுபோல் புதிய படையும் அமைக்கலாம். அந்த ஐயாவின் கேள்விக்குப் பதிலைக் கடையில் வாங்க முடியாது. அவர் வாழ்நாளில் கடற்கரையில் சீருடையைக் கண்டதெல்லாம் தடை, பாஸ், சோதனை, கைது என்ற வடிவில்தான். யுத்தம் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் தன் கடலுக்குப் போகப் பாஸ் எடுத்தவர். தன் வலையை இழுவைப் படகு அறுக்கும்போது கூப்பிட்டுக் கிடைக்காத உதவியை, கஞ்சாப் படகைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவரிடம் எதிர்பார்க்கிறோம்.

இதில் செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. சொன்னவரின் பெயர் வெளியே போகாத ஒரு தொலைபேசி எண், அதைத் தமிழில் எடுத்துத் தமிழில் பதில் சொல்லும் ஒருவர். மீனவர் சங்கத்துக்கு மாதம் ஒரு முறை வந்து, கடந்த மாதம் சொன்ன விடயம் என்னவாயிற்று என்று அறிவிக்கும் ஒரு அதிகாரி. அறுந்த வலைக்கு உடனே முறைப்பாடு எழுதிக்கொள்ளும் ஒரு மேசை. ஒரு ராடார் கோபுரத்தோடு ஒப்பிட்டால் இவற்றுக்குச் செலவு சொற்பம். ஆனால் கோபுரத்தை ஒரு நாளில் திறந்து வைக்கலாம். இவற்றை ஆண்டுக்கணக்கில், ஆள் மாறினாலும் முறை மாறாமல், செய்துகொண்டே இருக்க வேண்டும்.

நான் எழும்பும்போது அந்த ஐயா வாடிக்கு வெளியே வந்து கடலைக் காட்டினார். நான்கைந்து வெளிச்சங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, இது ஆருடைய படகு, இது ஆருடைய மருமகனுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது.